அத்தியாயம் 5: தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு

நம் வீடுகளில் அரிசிக்கு ஆழாக்கு உண்டு, பாலுக்கு லிட்டர் உண்டு. உப்புக்கு மட்டும் கைதான் அளவு. பல வருடம் சமைத்த கைக்கு ருசி தெரியும். எத்தனை கிராம் என்று தெரியாது. அதனால்தான் பிரஷர் ஏறிய பிறகு டாக்டர் "உப்பைக் குறையுங்கள்" என்று சொன்னால், எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குக் குறைப்பது என்று வீட்டில் யாருக்கும் விளங்குவதில்லை. அதே வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வெறும் தண்ணீரும் குளுக்கோஸும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். உப்பு தேவைப்படும் அந்த ஒரு நாளில்தான் அதை மறந்துவிடுகிறோம்.

சாதாரண நாளில் உப்பு குறைவாக, வியர்த்துக் கொட்டும் நாளிலும் பேதி நாளிலும் தண்ணீரோடு சேர்த்து அளவாக: இந்த அத்தியாயத்தின் பாடம் இவ்வளவுதான். இதை முடிக்கும்போது நான்கு வேலைகள் உங்கள் கைக்கு வந்திருக்கும்.

• வீட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு போகிறது என்று கணக்குப் பார்ப்பது
• ருசி கெடாமல் ஆறு வாரத்தில் அதைக் குறைப்பது
• வெயில் காலத்தில் தண்ணீரும் உப்பும் சரியாக எடுத்துக்கொள்வது
• உப்பு சர்க்கரைக் கரைசலைப் பிழையில்லாமல் தயாரிப்பது

முதலில் இதைப் படியுங்கள்

கீழே உள்ளவர்கள் உப்பையோ தண்ணீரையோ கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

• சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள்
• இதயம் பலவீனமாகி, தண்ணீரையே அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள்
• பிரஷர் மாத்திரை, சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர்கள்
• கர்ப்பிணிகள். கால் வீங்குகிறது என்று தாங்களாக உப்பை நிறுத்தக் கூடாது. வீக்கத்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்
• ரத்தத்தில் சோடியம் குறைந்து ஏற்கெனவே சிகிச்சை பெற்ற முதியவர்கள்

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உணவில் தனியாக உப்பு சேர்க்க வேண்டாம். நம் நாக்குக்குச் சப்பென்று இருக்கும் பருப்புச் சாதம் அதன் நாக்குக்குச் சரியாகவே இருக்கும்.

தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு எண்கள்

1. 5 கிராம்: பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு இதைவிடக் குறைவாகத்தான் உப்பு சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், பிஸ்கட், ஓட்டல் சாம்பார் எல்லாம் சேர்த்துத்தான் இந்த 5 கிராம்.

2. 6 கிராம்: தூள் உப்பைத் தலைதட்டி அளந்தால் ஒரு டீஸ்பூனில், அதாவது 5 மில்லி கரண்டியில், ஏறக்குறைய இவ்வளவு இருக்கும். ஆகவே ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு.

3. 2.5: உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம், மீதி குளோரைடு. பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

4. 15 முதல் 20 நிமிடம்: வெயிலில் உழைப்பவர் இந்த இடைவெளியில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும்.

உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கும். அளவுக்கு மேல் உப்பு சேர்ந்தால் ரத்தக் குழாய்க்குள் தண்ணீரும் அதிகமாகத் தங்கி அழுத்தம் ஏறுகிறது; பேதியிலும் வியர்வையிலும் உப்பு போய்விட்டால் குடித்த தண்ணீரைப் பிடித்து வைக்க உடம்பில் ஆள் இல்லை. கோட்பாடு இவ்வளவு போதும். வேலைக்கு வருவோம்.

வேலை 1: வீட்டு உப்புக் கணக்கு

தேவை: புதிதாகப் பிரித்த ஒரு கிலோ உப்பு, பாத்திரக் கடையில் கிடைக்கும் அளவுக் கரண்டி செட், ஒரு காலண்டர்.

1. புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளைக் காலண்டரில் குறியுங்கள். அது தீரும் நாளையும் குறியுங்கள்.

2. இடைப்பட்ட நாட்களில் சமையலுக்கு வேறு உப்பை எடுக்காதீர்கள். காய் கழுவ, வாய் கொப்பளிக்க, மீன் அலச வேண்டிய உப்பைத் தனி டப்பாவில் வையுங்கள்.

3. 1,000 கிராமை நாட்களாலும், பிறகு வீட்டில் சாப்பிடும் ஆட்களாலும் வகுங்கள்.

நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு 30 நாளில் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 33 கிராம், ஆளுக்கு 8 கிராமுக்கு மேல். கடையில் வாங்கிய ஊறுகாயும் மிக்சரும் இதில் சேரவில்லை. அவற்றையும் சேர்த்தால் இந்த வீடு இரண்டு பேர் உப்பை ஒருவருக்குப் போடுகிறது என்றே சொல்லலாம்.

4. கையையும் சோதியுங்கள். வீட்டில் சமைக்கத் தெரிந்த மூன்று பேரை அழைத்து, ஒரு குழம்புக்குப் போடும் உப்பை ஆளுக்கொரு தட்டில் போடச் சொல்லுங்கள். மூன்று குவியலையும் அளவுக் கரண்டியில் வாரி, கத்தியின் முதுகால் தலைதட்டி அளந்து பாருங்கள். மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மாமியார் கைக்கும் மருமகள் கைக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான் "இன்னைக்கு உப்பு கூடிப்போச்சு" என்ற பேச்சாக வருகிறது.

அடிக்கடி நேரும் தவறு: டீ கலக்கும் ஸ்பூனால் அளப்பது. வீட்டு ஸ்பூன்கள் ஒவ்வொன்றும் ஒரு அளவு. குவித்து எடுத்தால் தலைதட்டியதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வரும். இந்த அத்தியாயத்தில் எங்கே டீஸ்பூன் என்று வந்தாலும் அது 5 மில்லி கரண்டி, தலைதட்டிய அளவு, தூள் உப்பு.

கல் உப்பு போடுபவர்களுக்கு: கற்களுக்கு இடையே காற்று இருப்பதால் ஒரு கரண்டியில் எடை குறையும், ஒவ்வொரு முறையும் மாறும். கல் உப்புக்கு எடை பார்ப்பதே சரி. சமையலறைத் தராசு இல்லாவிட்டால் மிக்சியில் பொடித்து அளக்கலாம்.

வேலை 2: ஆறு வாரத்தில் குறைப்பது

ஒரேயடியாகக் குறைத்தால் மூன்றாம் நாளே "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று யாராவது தட்டைத் தள்ளுவார்கள். நாக்குக்குச் சில வாரம் அவகாசம் கொடுத்தால் குறைந்த உப்பே அதற்குப் பழகிவிடும். பிறகு பழைய அளவில் போட்ட குழம்பு கரிக்கும்.

1. அன்றைய உப்பைக் காலையிலேயே அளந்து ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். சட்னி, சாம்பார், பொரியல், மோர், சப்பாத்தி மாவு எல்லாவற்றுக்கும் அந்தக் கிண்ணத்திலிருந்துதான். இட்லி மாவு அரைக்கும் நாளில் மாவுக்குப் போடும் உப்பும் அதிலிருந்தே. உப்பு ஜாடி அலமாரிக்குள் போகட்டும்.

2. முதல் வாரம் இப்போது போகும் அளவில் அரை டீஸ்பூன் குறையுங்கள். மேலே சொன்ன வீட்டுக்கு ஒரு நாள் கணக்கு ஐந்தரை டீஸ்பூன்; முதல் வாரம் ஐந்து.

3. வாரத்துக்கு அரை டீஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஆறாவது வாரம் இரண்டரை டீஸ்பூனில் நிற்பீர்கள். நான்கு பேருக்கு 15 கிராம், ஆளுக்கு 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெளியிலிருந்து வரும் உப்புக்கு அதுவே இடம் விடும்.

4. சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். ருசி பார்க்கும் முன்பே இலையில் உப்பு வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் முதலில் நிற்க வேண்டியது அதுதான்.

5. சாதத்துக்கு உப்புப் போட்டு வடிக்கும் வீடுகள் அதை நிறுத்தலாம். குழம்பில் உப்பு இருக்கிறது. சாதத்துக்குத் தனியாகத் தேவையில்லை.

6. உப்பைக் கடைசியில் போடுங்கள். காய் வெந்து இறக்கும் சமயத்தில் போட்ட உப்பு நாக்கில் முதலில் படும்; குறைந்த அளவே போதும். உப்பில் உள்ள அயோடினும் அதிகம் வீணாகாது.

ருசியை வேறு வழியில் ஏற்றுங்கள்

உப்பு குறைந்த இடத்தைப் புளிப்பும் காரமும் மணமும் நிரப்பும். பொரியலில் இறக்கும்போது எலுமிச்சை பிழியலாம். சாம்பாரில் நாலு துண்டு மாங்காய் போடலாம். ரசத்தில் மிளகு சீரகத்தைப் புதிதாகத் தட்டிப் போடலாம். கூட்டில் தேங்காயோடு ஒரு பல் பூண்டைச் சேர்த்து அரைக்கலாம். கறிவேப்பிலை, கொத்தமல்லித்தழை தாராளமாக.

வாழைத்தண்டு, கீரை, பயறு, வாழைப்பழம் போன்றவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. சோடியம் ஏற்றும் அழுத்தத்தை அது தணிக்கும். உப்பைக் குறைக்கும் வீட்டில் கீரையும் பழமும் கூடட்டும்.

மறைந்திருக்கும் உப்பு

• ஊறுகாய், வத்தல், வடகம், மோர் மிளகாய், அப்பளம். இவற்றில் எது இருந்தாலும் ஒரு வேளைக்கு ஒன்று மட்டும்.
• கருவாடு. வெந்நீரில் அலசி, சற்று ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி அலசுங்கள். குழம்புக்குத் தனி உப்பு போடும் முன் ருசி பாருங்கள்.
• சோடா உப்பும் அப்பளக்காரமும். நாக்கில் உப்புக் கரிக்காவிட்டாலும் சோடியம் இருக்கிறது. பஜ்ஜி, போண்டாவில் இது இரட்டிப்புக் கணக்கு.
• நூடுல்ஸ் மசாலா, சூப் பாக்கெட், சாஸ், பிரெட், சீஸ், சிப்ஸ்.

பாக்கெட் வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்து ஊட்டச்சத்து அட்டவணையைப் பாருங்கள். உதாரணமாக 100 கிராமுக்குச் சோடியம் 1,000 மில்லிகிராம் என்று இருக்கிறது. பாக்கெட் 70 கிராம். உள்ளே போகும் சோடியம் 700 மில்லிகிராம். 2.5 ஆல் பெருக்கினால் 1,750 மில்லிகிராம், அதாவது ஒன்றே முக்கால் கிராம் உப்பு. ஒரு நாள் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு பாக்கெட்டிலேயே முடிந்துவிட்டது.

கவனம்: பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் உப்பைக் குறைத்து வரும்போது அழுத்தமும் குறையலாம். எழுந்து நிற்கையில் தலை சுற்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எந்த உப்பை வாங்குவது?

அயோடின் கலந்த உப்பை வாங்குங்கள். நேரடியாகச் சாப்பிடுவதற்கு அயோடின் கலக்காத உப்பை விற்கக் கூடாது என்ற தடை இந்தியாவில் 2006 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கும் தைராய்டுக்கும் அயோடின் தேவை. உப்பின் அளவைக் குறைக்கும் வீட்டில், போடும் உப்பு அயோடின் உப்பாக இருப்பது இன்னும் முக்கியம்.

இந்துப்பு, இளஞ்சிவப்பு உப்பு, கடல் உப்பு எல்லாமே பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். இந்துப்பு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்பது தவறு. நிறத்துக்கும் விலைக்கும் கணக்கு மாறாது.

குறைந்த சோடியம் உப்பு என்று கடையில் வருவதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. சீனாவின் கிராமங்களில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுபவருக்கும் இது இதயத் துடிப்பையே பாதிக்கும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள்.

வைக்கும் முறை: மூடி இறுகிய டப்பா, அடுப்புக்கு எட்டத்தில், ஈரக் கை படாமல். திறந்து கிடக்கும் உப்பு ஈரம் கோத்து அயோடினை இழக்கும்.

வேலை 3: வெயில் நாளில் தண்ணீரும் உப்பும்

தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி வாருபவர், வயலில் நாற்று நடுபவர், கட்டடத்தில் சித்தாள், டெலிவரி பையோடு பைக்கில் அலைபவர், கத்திரி வெயிலில் இவர்கள் எல்லோருக்கும் வியர்வையோடு உப்பும் போகிறது. அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மாலையில் கழற்றிப் போட்ட சட்டை காய்ந்ததும் முதுகிலும் அக்குளிலும் வெள்ளைக் கோடு வரைந்தது போலப் படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். அது உடம்பிலிருந்து போன உப்பு. சட்டையில் அந்தக் கோடு விழுகிற உழைப்பு என்றால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது.

ஏ.சி. அறையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது பொருந்தாது. அவருக்குச் சாப்பாட்டில் உள்ள உப்பே அதிகம். தாகத்துக்குத் தண்ணீரும் உப்பில்லாத மோரும் போதும்.

வெளியில் உழைப்பவருக்கான வரிசை:

1. காலையில் கிளம்பும் முன் சாப்பிடுங்கள். கூடவே இரண்டு டம்ளர் தண்ணீரோ நீராகாரமோ குடியுங்கள். பழைய சோற்று நீரில் ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு சின்ன வெங்காயம் என்றால் தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். நல்ல தண்ணீரில் ஊறியதாக இருக்க வேண்டும். நூல் விட்டாலும் கெட்ட வாடை அடித்தாலும் கொட்டிவிடுங்கள்.

2. வேலை நேரத்தில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

3. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்த்துக் கொட்டினால் இடையிடையே தண்ணீருக்குப் பதில் உப்பிட்ட நீர்மோர் அல்லது எலுமிச்சை நீர். பாதித் தண்ணீர், பாதி இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டாதீர்கள். வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்புவரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்துப் பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மேல் நீர் குடித்ததோடு அது தொடர்புடையதாக இருந்தது.

5. புதிதாக வெயில் வேலைக்கு வந்தாலும் நீண்ட விடுப்புக்குப் பின் திரும்பினாலும் முதல் ஒன்றிரண்டு வாரம் வேலையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழகப் பழக வியர்வையில் போகும் உப்பு குறையும்.

6. சிறுநீரைப் பாருங்கள். வைக்கோல் நிறமாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாக, குறைவாகப் போனால் இன்னும் குடிக்க வேண்டும்.

உழைப்பாளி நீர்மோர் (1 லிட்டர்): தயிர் 200 மில்லி, குடிதண்ணீர் 800 மில்லி, தூள் உப்பு கால் டீஸ்பூன். இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் விருப்பம் போல. நன்றாகக் கடைந்து மண்பானையிலோ எவர்சில்வர் தூக்கிலோ எடுத்துப் போங்கள். உச்சி வெயிலுக்குள் குடித்து முடியுங்கள்.

எலுமிச்சை நீர் (1 லிட்டர்): இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, சர்க்கரை மூன்று டீஸ்பூன், தூள் உப்பு கால் டீஸ்பூன். சர்க்கரை நோயாளி சர்க்கரையை விட்டுவிடலாம்.

இளநீர் நல்லது. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போன உப்பை அது மட்டும் ஈடுகட்டாது. ஒரு வாய் உப்பிட்ட கஞ்சியும் உடன் இருக்கட்டும்.

தவிர்க்க வேண்டியவை: உப்பு மாத்திரையை நேரடியாக விழுங்குவது, கலர் பானத்தைத் தண்ணீருக்குப் பதில் குடிப்பது, வேலை முடிந்து மது அருந்துவது. மது சிறுநீரைக் கூட்டி இருக்கும் தண்ணீரையும் வெளியேற்றும்.

வேலை கொடுப்பவர்களுக்கு ஒரு சொல்: கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். உப்பளத்திலும் வயலிலும் கட்டட வேலையிலும் இது அன்றாடம் நடக்கிறது. அதன் விலையை அவர்களின் சிறுநீரகம் கொடுக்கிறது. குடிதண்ணீரும் நிழலும் வைத்தால் மட்டும் போதாது, கழிப்பறையும் வையுங்கள்.

சதைப் பிடிப்பு வந்தால்: வேலையை நிறுத்தி நிழலுக்கு வாருங்கள். நீர்மோரோ உப்பு சர்க்கரைக் கரைசலோ மெதுவாகக் குடித்து, பிடித்த தசையை மெல்ல நீட்டுங்கள். ஒரு மணி நேரத்தில் விடாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

வெப்பவாதம், உயிர் ஆபத்து: உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, நினைவு தடுமாறுகிறது என்றால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஈரத்துணியோ ஐஸோ வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வேலை 4: உப்பு சர்க்கரைக் கரைசல்

1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரம் பன்கான் ஊரில் இருந்த அகதிகள் முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு ஆகியவற்றை அளந்து பொட்டலமாகக் கட்டி, தண்ணீரில் கரைத்து நோயாளிகளின் உறவினர் கையாலேயே கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம்வரை இருந்த இறப்பு, கரைசல் கொடுத்த இடத்தில் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடலில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகத்தான் உள்ளே போகும். அந்த ஜோடி பின்னால் தண்ணீரை இழுத்துப் போகும். அதனால்தான் இரண்டும் வேண்டும், இரண்டும் அளவோடு வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தால் (இதுவே சிறந்தது; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்):

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
2. பாக்கெட்டில் 1 லிட்டர் என்றிருக்கிறதா, 200 மில்லி என்றிருக்கிறதா என்று படியுங்கள். இரண்டும் விற்கிறது.
3. காய்ச்சி ஆறிய தண்ணீரை அந்த அளவுக்குச் சரியாக எடுங்கள். லிட்டர் தண்ணீர் பாட்டில் நல்ல அளவுகோல்.
4. பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள். பாதி பாக்கெட்டை டம்ளரில் கரைக்கும் வேலை வேண்டாம்.
5. சர்க்கரை, ஜூஸ், பால் எதையும் சேர்க்காதீர்கள். கலந்த பிறகு கொதிக்க வைக்காதீர்கள்.
6. மூடி வையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

பாக்கெட் கிடைக்கும்வரை வீட்டில்:

1. காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர்.
2. சர்க்கரை 6 டீஸ்பூன், தலைதட்டி.
3. தூள் உப்பு அரை டீஸ்பூன், தலைதட்டி. அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம்.
4. முழுதும் கரையக் கலக்கி, கொடுக்கும் முன் நீங்கள் ஒரு வாய் ருசி பாருங்கள். கண்ணீரைவிட அதிகம் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி அளந்து கலக்குங்கள்.

இதில் பொட்டாசியம் இல்லை. ஆகவே சாப்பிடும் வயதுள்ளவருக்கு வாழைப்பழமோ இளநீரோ உடன் கொடுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு முறை பேதியான பிறகும்:

• 2 வயதுக்குள்: 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால்
• 2 முதல் 10 வயது: 100 முதல் 200 மில்லி, டம்ளரில் சிறிது சிறிதாக
• அதற்கு மேல்: குடிக்க முடிந்த அளவு

வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் மறுபடி தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இட்லி, கஞ்சி, தயிர்ச் சாதம் என்று சாப்பாட்டையும் தொடருங்கள். குழந்தைக்கு 14 நாள் ஜிங்க் மாத்திரையும் தேவை; அளவைச் சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை தெரிந்தால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்: கண் குழி விழுவது, கைக்குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மலத்தில் ரத்தம், குடித்ததெல்லாம் வாந்தியாவது, எழுப்ப எழுப்பச் சோர்ந்து தூங்குவது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே சமமாகாமல் மடிப்பு நிற்பதும் அபாய அறிகுறி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம். மயங்கிய நிலையில் இருப்பவர் வாயில் கரைசலை ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

மூன்று பெரிய தவறுகள்

1. உப்பைக் கூட்டினால் சீக்கிரம் குணமாகும் என்று நினைப்பது. குழந்தைக்கு உப்பு கூடிய கரைசல் வலிப்பையும் மூளைப் பாதிப்பையும் உண்டாக்கும். கை அளவு உயிருக்கு ஆபத்தாகும் இடம் இதுதான்.

2. அட்டைப் பெட்டியில் வரும் பழச்சுவை பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்குவது. சர்க்கரை அதிகமான பானம் பேதியைக் கூட்டும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய பானங்களின் பெயரில் அந்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படியான ஓ.ஆர்.எஸ். என்று கேட்டு, பாக்கெட்டில் அதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

3. விஷம் குடித்தவருக்கு வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றுவது. கிராமங்களில் இன்னும் இது நடக்கிறது. அந்த உப்பே ஆளைக் கொல்லும். வாந்தி மூச்சுக்குழாயில் போகவும் கூடும். எதையும் ஊற்றாமல், குடித்த பாட்டிலை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சமையலறைச் சுவரில் ஒட்ட

• ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு: எல்லாம் சேர்த்து 1 டீஸ்பூனுக்குக் குறைவு
• பாக்கெட்: சோடியம் × 2.5 = உப்பு
• உழைப்பாளி நீர்மோர்: 1 லிட்டர், உப்பு ¼ டீஸ்பூன்
• பேதிக்குக் கரைசல்: 1 லிட்டர், சர்க்கரை 6, உப்பு ½ டீஸ்பூன்
• நினைவு தடுமாறினால், குடிக்க முடியாவிட்டால்: 108

இந்த அத்தியாயத்துக்காக நீங்கள் வாங்க வேண்டியது ஒரு அளவுக் கரண்டி செட்டும் இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் மட்டுமே. கரண்டியை உப்பு டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள். பாக்கெட்டை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். நாளைக் காலை அடுப்பைப் பற்ற வைக்கும் முன் அன்றைய உப்பை அளந்து கிண்ணத்தில் எடுத்துவிட்டீர்கள் என்றால், முதல் படி ஏறிவிட்டீர்கள்.